மரைக்கார் கேட்ட மாப்பு

பக்கீர் முகைதீன் படலையைத் திறந்துகொண்டு வந்தால் அந்த வீட்டில் யாருக்கோ தலையிடி என்று அர்த்தம். பள்ளிவாசல் தலைவரான அவர் சும்மா தேத்தண்ணி குடிக்க ஒருவருடைய வாசலையும் மிதிக்கமாட்டார். அன்று வியாழக்கிழமை. அஸர் தொழுத கையோடு வந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு கசெட்டை எடுத்து முத்தலிப் மரைக்காரின் மடியில் வைத்தார்.

“என்ன இது? மார்க்கப் பயானா?”

“உங்கட மருமகன்ட பயான். கேட்டுட்டு வாங்க. நாளைக்கு ஜும்ஆவுக்குப் புறகு பள்ளியில கூடுறம்.”

“எந்த மருமகன்?”

“எத்தின மருமகன் உங்களுக்குக் கல்லூரியில படிப்பிக்கான்? தங்கச்சிட மகன். றஊப் சேர்.”

‘சேர்’ என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னார். மகள் ஹாஜறா தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் குடிக்கவில்லை. போய்விட்டார்.

முத்தலிப் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வயல் வட்டைக்கு வட்டவிதானை. யாருடைய வயலுக்கு எப்போது வாய்க்கால் தண்ணீர் திரும்ப வேண்டும் என்று முடிவு சொல்கிற ஆள். பேனை பிடித்தவனால் தனக்கு ஒரு நன்மையும் நடந்ததில்லை என்பது அவருடைய எண்ணம். காணிக் கந்தோரிலும் சரி, நீர்ப்பாசனக் கந்தோரிலும் சரி, எழுதத் தெரிந்தவன்தான் இவர் திருப்பிய தண்ணீரை மறுபக்கம் திருப்பினான். ஆகவே மருமகன் பேராதனையில் படித்துப் பட்டத்தோடு வந்தபோது ஊரே விருந்து வைக்க, இவர் மட்டும், “இனி இவன் நமக்கு விளங்காமக் கதைப்பான்” என்றார்.

இந்தக் கரையில் முஸ்லிம்கள் குடி குடியாகப் பிரிந்திருக்கிறார்கள். உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஒவ்வொரு குடிக்கும் பள்ளியில் ஒரு மரைக்கார். குடியில் எவன் என்ன செய்தாலும் பள்ளி அவனைக் கேட்காது, மரைக்காரைத்தான் கேட்கும். முத்தலிப்பின் சொந்த மகள் ஹாஜறா அவருடைய குடியில்லை, அவள் தன் உம்மாவின் குடி. தங்கை ஸகியாவின் மகன் றஊப்தான் அவர் குடி. அவனுக்கு இவர்தான் மறுமொழி சொல்ல வேண்டும்.

றஊப் படிப்பித்தது கல்முனை பசாரில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில். பாண்டிருப்புச் செல்லத்தம்பி மாஸ்டர் நடத்திய கல்லூரி. பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைக்காத பிள்ளைகள் அங்கே படித்து வெளிவாரியாகப் பட்டச் சோதனை எடுப்பார்கள். சம்மாந்துறையிலிருந்தும் வருவார்கள், பெரியநீலாவணையிலிருந்தும் வருவார்கள். தொண்ணூறில் நடந்த வெட்டுக்கொத்துக்குப் பிறகு தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் தோள் முட்ட இருந்த இடங்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் அந்த மேல்மாடி ஒன்று. இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தால் பஸ் ஓடாது, பாதிப் பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை. வர முடிந்த பிள்ளை வராத பிள்ளைக்காகப் பாடத்தைக் கசெட்டில் பிடித்து வைக்கும். அப்படிப் பிடித்த கசெட்டில் ஒன்றுதான் சலூனுக்குப் போய், சைக்கிள் கடைக்குப் போய், கடைசியில் பள்ளித் தலைவரின் சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்தது.

“என்ன கசெட் வாப்பா?” என்றாள் ஹாஜறா.

“நீ போய் அடுப்பப் பாரு. அதுக்கு முதல் இந்தச் செற்றப் போட்டுட்டுப் போ.”

அவள் போட்டாள். போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

முதலில் பேன் சுற்றுகிற சத்தம். பிறகு றஊபின் குரல். வீட்டில் கேட்கிற குரல்தான், ஆனால் நிமிர்ந்து நிற்கிற குரல்.

“புத்தகத்தில இதுக்கு ஒரு சொல் இரிக்கி. தன்னினச்சேர்க்கை. கேட்டா ஆசுபத்திரி மருந்து மணக்கும். சட்டத்திலயும் ஒரு சொல் இரிக்கி. வெள்ளைக்காரன் எழுதி வெச்சிட்டுப் போனது. கேட்டா விலங்குச் சத்தம் கேக்கும். நம்மட ரோட்டில இன்னொரு சொல் இரிக்கி. அத நான் சொல்லத் தேவல்ல.”

“பொன்ஸ்!” என்று கசெட்டுக்குள் யாரோ பின்வாங்கிலிருந்து கத்தினான். வகுப்பே சிரித்தது.

“ஓம், அதுதான். சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப நான் கேக்கிறது வேற. ஆம்புளைய விரும்புற ஒரு ஆம்புளை, தன்னைப் பத்தித் தானே சொல்றதுக்கு நம்மட பாஷையில என்ன சொல் இரிக்கி?”

ஒரு வாங்கு கிறீச்சிட்டது.

“இல்ல. நாம வெக்கல்ல. சரி, சொல்ல விட்டுட்டு வீட்டப் பாப்பம். இந்தக் கரையில வீடு பொம்புளைக்கு. வாப்பா வீடு கட்டுறது மகளுக்கு. ஆம்புளை உம்மாட வீட்டில இருந்து பொஞ்சாதிட வீட்டுக்குப் போறான். தமிழ் ஆக்களும் அப்பிடித்தானே சுஜித்தா? ஓம். அப்ப பொஞ்சாதி எடுக்காத ஆம்புளை எங்க போவான்? உம்மா மௌத்தாகி, தங்கச்சிக்கு மாப்பிள்ளை வந்த புறகு அவன் எங்க படுப்பான்? நம்மட ஊரில நூஹு எண்டு ஒராள் இரிந்த. கலியாணச் சோறு ஆக்குறவர். உங்கட வாப்பா உம்மாட கலியாணத்துக்கு அவர்தான் ஆக்கியிரிப்பார். அவர் சோறு திண்டாத ஆள் இல்ல. அவர் எங்க படுத்த எண்டு ஆருக்காவது தெரியுமா?”

மரைக்காருக்குத் தெரியும். சம்மாந்துறை ரோட்டில் ஒரு நெல்லு மில்லின் உமிக் கொட்டிலுக்குள் படுத்தார் நூஹு. அங்கேதான் மௌத்தாகிக் கிடந்தார். கிழமைக் கணக்காக ஒருவரும் தேடவில்லை. அடுத்த கலியாணம் வந்தபோதுதான் தேடினார்கள். முத்தலிப்பின் நிக்காஹுக்கும் அவர்தான் சோறு ஆக்கினார். இடுப்பை நெளித்து நடப்பார். அவர் நடையைப் போலவே நடந்து காட்டி, சபையையே சிரிக்க வைத்த மாப்பிள்ளைத் தோழர்களில் ஒருவன் முத்தலிப்பின் சொந்தத் தம்பி. முத்தலிப்பும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது, மாப்பிள்ளை அல்லவா.

கசெட்டில் ஒரு பெண் பிள்ளையின் குரல் கேட்டது. சுஜித்தாவாகத்தான் இருக்க வேண்டும். “சேர், அப்ப நீங்க இதச் சரியெண்டு சொல்றீங்களா, பிழையெண்டு சொல்றீங்களா?”

“நான் தீர்ப்புச் சொல்ல வரல்ல புள்ள. தீர்ப்புச் சொல்ல ஊரில நிறையப் பேர் இரிக்காங்க. நான் கேக்கிறது அவன் எங்க படுப்பான் எண்டு.”

“அப்ப நீங்க எங்க சேர் படுப்பீங்க?” என்றான் பின்வாங்குக்காரன்.

இப்போது வந்த சிரிப்பு முந்தின சிரிப்பைப் போல் இல்லை. பாதியில் அறுந்துவிட்டது. பேன் சுற்றிக்கொண்டே இருந்தது. கசெட் முடிந்துவிட்டதோ என்று மரைக்கார் செற்றின் பக்கம் குனிந்தார்.

“நல்ல கேள்வி,” என்றது றஊபின் குரல். “இந்தப் பாடத்தில இரிக்கிற ஒரே கேள்வியும் அதுதான். வாற கிழமைக்கு எல்லாரும் உங்கட உங்கட ஊரில ஒராள நினைச்சிட்டு வாங்க. சிரிக்கிறதுக்கில்ல.”

ஹாஜறாதான் செற்றை நிற்பாட்டினாள்.

ஹாஜறாவுக்கும் றஊபுக்கும் ஒரு கதை உண்டு. மச்சான் மச்சி என்ற உரிமையில் அவளை அவனுக்கென்றுதான் பேசி வைத்திருந்தது. பட்டம் முடித்து வந்தவன், “மாமா, மச்சிய நான் ஏமாத்த மாட்டன்” என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டான். படித்த இடத்தில், கண்டியில் எவளோ இருக்கிறாள் என்று முத்தலிப் நினைத்தார். எவளும் வரவில்லை. வருடங்கள்தான் போயின. ஹாஜறாவை இன்னொருவனுக்குக் கொடுத்தார். பொஞ்சாதி மௌத்தான பிறகு மகளுடைய வீட்டிலேதான் இவரும் ஒரு மூலையில் கிடக்கிறார்.

“வாப்பா,” என்றாள் ஹாஜறா. “எனக்குத் தெரியும். அப்பவே எனக்கிட்டச் சொல்லிட்டான்.”

“என்னத்தச் சொன்ன?”

“நீங்க இப்ப கேட்டத.”

“நீ ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?”

“அவன்ட கதைய நான் எப்பிடிச் சொல்ற? நீங்களும் சொல்லிடாதீங்க வாப்பா. அவன் வாய் திறக்காட்டி நீங்களும் திறக்காதீங்க.”

மரைக்காருக்குக் கோபம் வந்தது. பொம்பிளைப் பிள்ளை தனக்குப் பள்ளி விவகாரம் படிப்பிக்கிறாளே என்று.

வெள்ளிக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அது பேருக்குத்தான் ஸகியாவின் வீடு. உண்மையில் அவளுடைய மகள் ஹுஸ்னியாவின் சீதன வீடு. வாப்பா இல்லாத வீட்டில் அந்தக் கடமை அண்ணன்காரனான காக்காவின் தலையில். றஊப் படிப்பித்த காசெல்லாம் அந்தச் சுவருக்குள் போயிற்று. ஹுஸ்னியாவுக்கு மாப்பிள்ளையும் பேசி முடிந்திருந்தது.

றஊப் ஜும்ஆவுக்குப் போடுகிற சட்டைக்கு ஸ்திரிக்கை பிடித்துக்கொண்டிருந்தான்.

“வாங்க மாமா. கசெட் கேட்டீங்களா?”

“கேட்டன்.”

“எப்பிடி?”

“உன்ட குரல் நல்லாத்தான் இரிக்கி. கதைதான் நாறுது.”

றஊப் சிரித்துவிட்டான். முப்பத்தைந்து வயதிலும் அவன் சிரித்தால் பால்குடிப் பிள்ளையின் முகம்தான்.

“ஊரில படிப்பிக்க வேற ஒண்டும் இல்லையாடா? நெல்லு இரிக்கி, உமி இரிக்கி, வாய்க்கால் இரிக்கி. அதுகளப் பத்திப் படிப்பியன்.”

“அதுகளப் பத்தி நீங்க படிப்பிக்கலாம் மாமா. இதப் படிப்பிக்க வேற ஆள் இல்ல.” ஸ்திரிக்கையை நிமிர்த்தி வைத்தான். “பள்ளியில எனக்கிட்ட ரெண்டு கேள்வி கேப்பாங்க. ஏன் படிப்பிச்ச எண்டு கேப்பாங்க. அதுக்கு எனக்கிட்ட மறுமொழி இரிக்கி. மறுகா, நீ ஆரு எண்டு கேப்பாங்க. அதுக்கு நான் வாய் திறக்க மாட்டன். ஓம் எண்டும் சொல்ல மாட்டன், இல்ல எண்டும் சொல்ல மாட்டன்.”

“ஏன்டா? இல்ல எண்டு ஒரு சொல்லச் சொல்லிட்டு வாவன். நாக்கு தேஞ்சிருமா?”

“இல்ல எண்டு சொன்னா, அந்த மேல்மாடியில இருந்து கேக்கிற புள்ளைகள்ல ஒண்டு செத்துரும் மாமா.”

“எந்தப் புள்ள?”

“தெரியா. ஆரோ ஒண்டு இரிக்கும். எல்லா வகுப்பிலயும் ஒண்டு இரிக்கும்.”

“அப்ப ஓம் எண்டு சொல்லன்.”

“சொன்னா உம்மா செத்துருவா.”

மரைக்கார் கதிரையில் இருந்தார். இந்தப் பிள்ளையை ஒரு காலத்தில் சைக்கிள் பாரில் வைத்து வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். வரம்பில் இறக்கிவிட்டால் விழாமல் நடப்பான். இப்போதும் வரம்பில்தான் நடக்கிறான், இரண்டு பக்கமும் தண்ணீர்.

“எனக்கு ஒரு உதவி செய்யணும் மாமா. இண்டைக்கு நீங்க ஒண்டும் கதைக்காம இரிங்க. நான் சொல்றத என்ட வாயாலயே சொல்லிக்கிறன். சொல்லாம விடுறதையும் என்ட வாயாலயே விட்டுக்கிறன்.”

“கதைக்காத மரைக்கார் என்னத்துக்குடா மரைக்கார்?”

“இண்டைக்கு மட்டும்.”

“பாப்பம்,” என்றார். சரி என்று சொல்லவில்லை.

வெளியே கடப்படியில் ஸகியா நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “காக்கா, என்ட புள்ளய ஊர் விலக்க விட்டுடாதீங்க. எனக்கு வேற ஒண்டும் வேணா,” என்றாள்.

“நான் உசிரோட, ஹயாத்தோட இரிக்கக்குள்ள ஒருத்தன் அவனத் தொடமாட்டான். நீ போய்ச் சோத்தப் போடுகா.”

அதைச் சொன்னதும் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்த வேலை அவருக்குத் தெரிந்த வேலை. பள்ளியில் எப்படி ஒரு விவகாரம் முடியும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவன் கல்முனையில் இல்லை. மாடு வயலில் மேய்ந்துவிட்டதா, வாய்க்கால் சண்டையில் மண்வெட்டி ஓங்கினானா, ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு ஓடினானா, எதுவானாலும் சரி. குற்றவாளி பேசக் கூடாது. குடியின் மரைக்கார் எழும்பி, தோளில் கிடக்கிற சால்வையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, “எங்கட குடியில பிழை நடந்து போச்சு, மாப்புத் தாங்க” என்று கேட்க வேண்டும். சபை மாப்புக் கொடுக்கும். லெப்பை பாத்திஹா ஓதுவார். தேத்தண்ணி வரும். அந்த நிமிடத்திலிருந்து அது முடிந்த கதை. அதற்குப் பிறகு அதைக் கிளறுகிறவன்தான் குற்றவாளி. மகன் மகன் காலத்துக்கும் ஒருவன் வாய் திறக்கக் கூடாது. எத்தனையோ பேரை முத்தலிப் அப்படித்தான் கரை சேர்த்தார். எழுத்தும் இல்லை, கோடு கச்சேரியும் இல்லை, பொலிசும் இல்லை.

ஜும்ஆ முடிந்து சனம் கலைந்த பிறகு, பள்ளியின் உள் விறாந்தையில் மரைக்கார்மார் வட்டமாக இருந்தார்கள். ஜன்னல்களில் வெளியாட்களின் தலைகள். றஊப் வெள்ளைச் சட்டையோடு நடுவில் சம்மணம் போட்டு இருந்தான்.

“இதெல்லாம் உங்கட பாடத்தில இரிக்கா சேர்?” என்று தொடங்கினார் பக்கீர் முகைதீன்.

“குடும்பமும் சமூகமும் எண்டு ஒரு பாடம் இரிக்கி. குடும்பத்துக்குள்ள வராத ஆளப் பத்தியும் அதில படிக்கத்தானே வேணும்.”

“மார்க்கத்தில இதுக்கு இடமில்லை எண்டு தெரியாதா?”

“தெரியும். நான் மார்க்கம் படிப்பிக்கல்ல. நம்மட ஊரில இப்பிடி ஆக்கள் இரிந்தாங்க, இரிக்காங்க, அவங்கள நாம என்ன செய்றம் எண்டுதான் படிப்பிச்ச. நூஹு நானாவ உங்களுக்குத் தெரியாதா தலைவர்? உங்கட மகள்ட கலியாணத்துக்கும் அவர்தானே ஆக்கின.”

தலைவர் தாடியைத் தடவினார். ஜன்னலில் யாரோ, “நல்ல சோறு” என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அது கெட்ட சிரிப்பு இல்லை. கிழட்டு மரைக்கார் ஒருவர், “நூஹுட சோத்தப் போல இனி ஆர் ஆக்கப் போற,” என்று பெருமூச்சு விட்டார். விறாந்தையில் காற்றே கொஞ்சம் இளகிவிட்டது.

அப்போதுதான் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார்: “அதெல்லாம் சரி. நீங்க ஏன் இன்னும் கலியாணம் முடிக்கல்ல?”

றஊப் மறுமொழி சொல்லவில்லை. தலையைக் குனியவும் இல்லை. கேட்டவரைப் பார்த்தபடியே இருந்தான்.

“கேட்டது உங்களத்தான் சேர்.”

 கை கால் கழுவுகிற ஹவுழில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

 ஒரு மனிதன் பேசாமல் இருந்தால் அவன் குற்றம் செய்தவன், முத்தலிப்புக்குத் தெரிந்த உலகத்தில் அதுதான் சட்டம். ஜன்னல் தலைகள் ஒன்றோடொன்று குசுகுசுப்பது தெரிந்தது. தலைவரின் வாய் அசைவதுபோல் இருந்தது. இப்போது ‘விலக்கு’ என்ற சொல் வரப் போகிறது, தங்கை முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்தார். அவருடைய கை தானாகவே சால்வையை எடுத்தது. எழும்பினார்.

“மாமா,” என்றான் றஊப். மெதுவாகத்தான் சொன்னான்.

மரைக்கார் அவன் பக்கம் பார்க்கவில்லை.

“எங்கட குடிப் புள்ள பிழை செஞ்சிட்டான்,” என்றார். குரல் அவருக்கே பெருமையாகக் கேட்டது. “அறிவு கூடிப் போச்சு, அதால வந்த பிழை. அவன்ட வருத்தத்துக்கு மருந்து செய்றது என்ட பொறுப்பு. நல்ல இடத்தில ஒரு புள்ளயப் பாத்து முடிச்சும் வைப்பம். அவனுக்காகவும் குடிக்காகவும் நான் மாப்புக் கேக்கிறன். தாங்க.”

 சபை இவ்வளவை எதிர்பார்க்கவில்லை. பிறகு தலைவர், “அல்ஹம்துலில்லாஹ். மாப்புத் தந்தம்,” என்றார். லெப்பை பாத்திஹா ஓதினார். எல்லோரும் கை ஏந்தினார்கள். றஊபின் கைகள் மட்டும் முழங்காலில் கிடந்தன. தேத்தண்ணி வந்தது. வரிசையாக வந்து மரைக்காருக்குக் கை கொடுத்தார்கள். கேள்வி கேட்டவரும் வந்து கை கொடுத்தார். ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது.

ஹவுழடியில் றஊப் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். மரைக்கார் போய்த் தோளில் கை வைத்தார்.

“பாத்தியா? முடிஞ்சிது. இனி ஒருத்தன் கேக்க மாட்டான்.”

“நான் என்ன பிழை செஞ்சன் எண்டு மாப்புக் கேட்டீங்க மாமா?”

“உன்னக் காப்பாத்தத்தான்டா.”

“அவங்க விட்டிரிப்பாங்க. தலைவர் மணிக்கூட்டப் பாத்த. அவருக்குக் காரைதீவில ஒரு காணிப் பேச்சு இரிந்த. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா ‘சரி, இனிக் கவனமா இரிங்க சேர்’ எண்டுட்டு எழும்பிப் போயிருப்பார். ஆருக்கும் ஒண்டும் தெரிஞ்சிரிக்காது. சந்தேகம் மட்டும்தான் மிஞ்சியிரிக்கும். சந்தேகத்தோட என்னால இந்த ஊரில சீவிக்க ஏலும் மாமா. இவ்வளவு காலமும் அப்பிடித்தானே சீவிச்ச.”

“நான் மணிக்கூட்டப் பாக்கல்லயேடா மகன்.”

“ஓம். நீங்க பாக்கல்ல.”

செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். கோபமாகப் போயிருந்தால் மரைக்காருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை செல்லத்தம்பி மாஸ்டர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். புடவைக் கடைக்கு மேலே அந்தப் படிகளில் மரைக்கார் ஏறியது அதுதான் முதல் தரம். மாஸ்டர் நல்ல மனிதர். கதிரையைத் துடைத்துப் போட்டார்.

“மரைக்கார், வெள்ளிக்கிழமை வரைக்கும் தாய் தகப்பன் வந்தா எனக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது. றஊப் பாடத்தைத்தான் படிப்பிச்சவர், அதில ஒரு பிழையும் இல்ல எண்டு. ரெண்டு பக்கத்து ஆக்களுக்கும் அதைத்தான் சொன்னன். இப்ப அவங்க என்னைத் திருப்பிக் கேக்காங்க, பிழை இல்லாட்டி தாய்மாமன் ஏன் மாப்புக் கேட்டவர் எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?”

“மாப்புக் குடுத்தாச்சே மாஸ்டர். முடிஞ்சிது.”

“உங்கட பள்ளியில முடிஞ்சிது. இஞ்ச அதுக்குப் புறகுதான் தொடங்கினது. பொம்பிளைப் பிள்ளைகளை மறிச்சிட்டாங்க. நான் நிப்பாட்டச் சொல்லல்ல மரைக்கார். அவரே வந்து வகுப்பறைத் திறப்பைத் தந்திட்டுப் போயிட்டார்.”

“எங்க போன?”

“கொழும்பு பஸ்ஸில ஏறினதைக் கண்ட ஆக்கள் இரிக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை. மரைக்கார் எழும்பி வகுப்பறையை எட்டிப் பார்த்தார். வாங்குகள் அப்படியே கிடந்தன. முன்வாங்கில் ஒரே ஒரு பிள்ளை, நெற்றியில் பொட்டோடு.

“நீதானா சுஜித்தா?”

“ஓம். நீங்க சேர்ட மாமாவா?” அவள் எழும்பினாள். “சேர் எங்களை ஒராள நினைச்சிட்டு வரச் சொன்னவர். நான் நினைச்சிட்டு வந்தன். ஆருக்கிட்டச் சொல்ற?”

அவள் அழவில்லை.  யாரை நினைத்துக்கொண்டு வந்தாள் என்று மரைக்கார் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அவள் யாரையும் நினைக்கத் தேவையில்லாமல் வந்தவளாகவும் இருக்கலாம். எல்லா வகுப்பிலும் ஒன்று இருக்கும் என்று அவன் சொன்னானே. அந்த ஒன்று இதுதானோ, இது இல்லையோ. அந்த மேல்மாடியில் இனி அதைக் கண்டுபிடிக்க ஆள் இல்லை.

ஹுஸ்னியாவின் நிக்காஹ் பேசினபடி நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு சொல் சொல்லவில்லை. பாத்திஹா ஓதின கதையைச் சொல்லக் கூடாதே. காக்காவின் இடத்தில் யார் நிற்பது என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. முத்தலிப்தான் நின்றார். ஸகியா அவருக்குச் சோறு போட்டாள், தண்ணீர் ஊற்றினாள், ஏசவில்லை. மகனைப் பற்றிக் கேட்டபோது, “சுகமா இரிக்கானாம் காக்கா,” என்றாள். அதற்கு மேல் கேட்டால் அதே சொல்லைத்தான் திரும்பச் சொன்னாள். தன்னை நம்பாதவர்களை முத்தலிப் நிறையக் கண்டிருக்கிறார். தங்கையின் கண்ணில் அதை முதல் தடவையாகக் கண்டார்.

ஊரில் ஒருவன் றஊபின் பேரை எடுக்கவில்லை. சலூனில் எடுக்கவில்லை, சந்தையில் எடுக்கவில்லை. மரைக்கார் கிட்டே வந்தால் எல்லோரும் நெல்லு விலையைப் பேசினார்கள். யாராவது ஒரு நாய் வாய் திறந்து அவனைப் பழித்தால், சட்டையைப் பிடித்து, அவன் ஒரு பிழையும் செய்யவில்லையடா என்று சொல்லலாம் என்று காத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் பழிக்கவில்லை. அவர் கேட்டு வாங்கின மாப்பு அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

பெரும்போக விதைப்புக்கு முந்தின ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஸலாம் கொடுத்த கையோடு முத்தலிப் மரைக்கார் முதல் வரிசையில் எழும்பித் திரும்பி நின்றார்.

“ஒரு கதை இரிக்கி,” என்றார். “எங்கட குடிப் புள்ள றஊப் பிழை செய்யல்ல. அண்டைக்கு நான் சொன்னது பொய். அவன் படிப்பிச்சதில பிழை இல்ல. அவன்லயும் பிழை இல்ல. நான் கேட்ட மாப்ப நான் திருப்பித் தாறன்.”

சனம் விளங்காமல் ஒருவரை ஒருவர் பார்த்தது. பக்கீர் முகைதீன் முழங்காலில் கை ஊன்றி எழும்பி வந்தார்.

“மரைக்கார், அது பாத்திஹா ஓதின கதை.”

“ஓத வெச்சது நான்தானே. நானே எடுக்கிறன்.”

“எடுக்க ஏலா. அது உங்களுக்குத் தெரியாததா? எங்களுக்குச் சொல்லித் தந்ததே நீங்கதானே.” அவர் மரைக்காரின் முழங்கையை மெதுவாகப் பிடித்தார். “ஆரும் ஒண்டும் கதைக்கல்ல. நீங்களே ஏன் கிளறுறீங்க? வீட்ட போங்க. வெயில் கூடிட்டு.”

“அவன் பிழை செய்யல்ல தலைவர்.”

“சரி, சரி.”

“சரி எண்டு சபைக்குச் சொல்லுங்க.”

“முடிஞ்ச கதை மரைக்கார்.”

அவர் குரல் கெட்டதாக இல்லை. அன்பாகத்தான் சொன்னார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கையில் வைத்தான். வயது போய்விட்டது என்று பின்வரிசையில் ஒருவன் சொல்வது கேட்டது. சனம் எழும்பிச் செருப்புத் தேடிப் போகத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை, வீட்டில் இறைச்சிக் கறி ஆறும்.

மரைக்கார் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, போகிறவர்களின் முதுகுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் சொன்னார். பிறகும் சொன்னார். கடைசியில் பாய் சுற்ற வந்த மோதினார் மட்டும்தான் மிஞ்சினார். அவர் பாவம், அரைவாசிப் பள்ளியைச் சுற்றி முடித்துவிட்டு இவர் நிற்கிற பாய்க்காகக் குனிந்தபடி காத்துக்கொண்டிருந்தார்.

“மரைக்கார், கொஞ்சம் அங்கால நில்லுங்க. பாயச் சுத்தணும்.”

மரைக்கார் விலகி நின்றார்.